ஊர் நடுவில் இருக்கும் கடைவீதி ஏன் செழிப்பாக இருக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: புறவழிச்சாலை ஓரம் பெரிய கடைகள் வந்துவிட்டன. அங்கே வண்டி நிறுத்தத் தாராளமாக இடம் இருக்கிறது. போனிலேயே எல்லாம் வாங்கவும் முடிகிறது. அப்படியிருக்க, ஊர் நடுவில் இருக்கும் பழைய கடைவீதியைத் தூக்கி நிறுத்த நகராட்சி ஏன் மெனக்கெட வேண்டும்? அது தேய்ந்துபோனால் அங்கே கடை வைத்திருப்பவர்களைத் தவிர வேறு யாருக்கு நஷ்டம்?

ஊரில் எல்லோருக்கும் நஷ்டம். அங்கே ஒருநாளும் கால் வைக்காதவருக்கும் நஷ்டம்தான். ஏன் என்று சொல்கிறேன். காப்பாற்றப் போகும் ஊர்கள் எங்கே சறுக்குகின்றன, எதைச் செய்தால் பலன் கிடைக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பதில் பாதியில் நின்றுவிடும்.

நகர மையத்தைக் கடைகளின் வரிசை என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பல வேலைகளை ஒரே நடையில் முடித்துக்கொள்ளும் இடம் அது. வங்கிக்கு வந்தவர் பக்கத்தில் மருந்து வாங்குகிறார், மூக்குக்கண்ணாடியைப் பழுது பார்க்கக் கொடுக்கிறார், அது தயாராகும்வரை நூலகத்தில் உட்கார்கிறார், போகும் வழியில் பிள்ளைக்கு நோட்டு வாங்குகிறார். வந்தது ஒரு முறை, முடிந்தது நான்கு வேலை. இந்த நான்கும் ஊரின் நான்கு மூலைக்குப் போய்விட்டால் நான்கு பயணம் ஆகிறது. சொந்த வண்டி உள்ளவருக்கு அது அலுப்பு மட்டும்தான். முதியவர்கள், பள்ளிப் பிள்ளைகள், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள், வண்டி வாங்க வசதி இல்லாதவர்கள் ஆகியோருக்கு அதில் இரண்டு வேலை நடக்காமலே போய்விடும். எந்த ஊரிலும் இவர்கள் சிறு கூட்டம் அல்ல.

இதைப் புரிந்துகொண்டால் ஒரு கடைவீதி எப்படிச் சாகிறது என்பதும் புரியும். முதலில் கடைகள் மூடுவதில்லை. தபால் நிலையம், நீதிமன்றம், பதிவு அலுவலகம், மருத்துவமனை, பஸ் நிலையம் என்று ஒவ்வொன்றாக ‘இட நெருக்கடி’ என்ற காரணத்தால் வெளியே போகின்றன. ஓர் அலுவலகத்துக்கு நாளுக்கு 600 பேர் வருவதாக வைத்துக்கொள்வோம். அதில் மூன்றில் ஒருவர் வழியில் ஏதாவது ஒரு கடைக்குள் நுழைந்தால், அலுவலகம் இடம் மாறிய மறுநாளே அந்தத் தெரு 200 வாடிக்கையாளர்களை இழக்கிறது. கடைகள் மூட இன்னும் இரண்டு, மூன்று ஆண்டு பிடிக்கும். அதற்குள் எல்லோரும் ஆன்லைன் வியாபாரத்தின் மேல் பழியைப் போட்டுவிடுவார்கள். ஆன்லைன் வியாபாரம் அடிப்பது உண்மைதான். ஆனால் வேறு வேலைக்காக ஆட்கள் வந்துகொண்டிருக்கும் தெரு அந்த அடியைத் தாங்குகிறது. பொருள் வாங்க மட்டுமே ஆட்கள் வந்த தெருதான் விழுகிறது.

அடுத்தது வரி. இதில்தான் அங்கே போகாதவரின் நஷ்டம் ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள ஆஷ்வில் நகரில் ஜோ மினிகோசி என்பவர் சொத்து வரியை ஏக்கர் கணக்கில் பிரித்துப் பார்த்தார். ஊருக்கு வெளியே 34 ஏக்கரில் இருந்த வால்மார்ட் ஏக்கருக்கு ஆண்டுக்குச் சுமார் 6,500 டாலர் சொத்து வரி கட்டியது. நகர மையத்தில் கால் ஏக்கருக்கும் குறைவான மனையில், கீழே கடை, அதன்மேல் அலுவலகம், அதற்கும் மேலே வீடுகள் என்று புதுப்பிக்கப்பட்ட ஆறு மாடிக் கட்டடம் ஏக்கருக்குச் சுமார் 6,34,000 டாலர் என்ற விகிதத்தில் கட்டியது. வேலைவாய்ப்பும் அப்படித்தான்: ஏக்கருக்கு அங்கே ஆறு பேர், இங்கே எழுபத்து மூன்று பேர். மொத்தத் தொகையைப் பார்த்தால் பெரிய கடை பெரிதாகத் தெரியும். ஆனால் நகராட்சிக்குச் செலவு வைப்பது நிலப்பரப்புதான். சாலை, குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், தெருவிளக்கு, குப்பை வண்டி எல்லாமே மீட்டர் கணக்கில் நீள்கின்றன. நெருக்கமாகக் கட்டிய பகுதியில் ஒரு மீட்டர் குழாய்க்கு வரி கட்டுபவர் பலர். பரந்து கிடக்கும் பகுதியில் அதே ஒரு மீட்டருக்கு ஆளே இல்லை. மையம் கொழுத்திருக்கும்போது அது ஊரின் மற்றப் பகுதிகளின் பராமரிப்புச் செலவைச் சத்தமில்லாமல் சுமக்கிறது. அது சரிந்தால் அந்தச் சுமை வீட்டு வரியாகவோ, பழுது பார்க்காத சாலையாகவோ எல்லோர் வாசலுக்கும் வருகிறது.

பணம் ஊருக்குள் சுற்றுவது மூன்றாவது காரணம். சிகாகோவின் ஆண்டர்சன்வில் பகுதியில் 2004இல் எடுத்த கணக்கில், உள்ளூர்க்காரர் நடத்தும் கடையில் செலவான ஒவ்வொரு 100 டாலரிலும் 68 டாலர் அந்த நகரப் பொருளாதாரத்திலேயே தங்கியது. பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் சங்கிலிக் கடையில் 43 டாலர் தங்கியது. ஒரு பகுதியின் கணக்கை எல்லா ஊருக்கும் அப்படியே ஒட்டக்கூடாது. ஆனால் எந்தத் திசையில் போகிறது என்பதில் சந்தேகம் இல்லை. உள்ளூர்க் கடைக்காரர் கணக்கு எழுத, பெயர்ப்பலகை வரைய, பில் புத்தகம் அச்சடிக்க, ஏசியைப் பழுது பார்க்க உள்ளூர் ஆளைத்தான் கூப்பிடுவார். சங்கிலிக் கடைக்கு இவையெல்லாம் தலைமை அலுவலகத்தில் முடிந்துவிடும்.

பழைய கட்டடங்களின் சிறிய அறைகளுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. 10, 15 சதுர மீட்டர் இடம், குறைந்த வாடகை, வாசலிலேயே ஆள் நடமாட்டம்: கையில் அதிகப் பணம் இல்லாத ஒருவர் முதல் போணி பார்ப்பதற்கு ஏற்ற இடம் இதுதான். புதிய வணிக வளாகத்தில் அவரால் முன்பணமே கட்ட முடியாது. தையல்காரர், கடிகாரம் பழுது பார்ப்பவர், பழைய புத்தகம் விற்பவர் எல்லோரும் இப்படிப்பட்ட அறைகளில்தான் தொழிலில் காலூன்றுகிறார்கள். அந்த அறைகளை இடித்துப் பெரிதாகக் கட்டும்போது ஊர் இழப்பது அடுத்த தலைமுறை வியாபாரிகளை.

இதையெல்லாம் விடப் பெரியது, அங்கே ஊரே ஒன்றாகத் தெரிகிறது என்பது. வேறுவேறு தெருவில், வேறுவேறு வசதியில் வாழ்பவர்கள் அழைப்பு எதுவும் இல்லாமல் ஒரே இடத்தில் புழங்குவது நகர மையத்தில் மட்டும்தான். மகிழ்ச்சிக்கும் துக்கத்துக்கும் எதிர்ப்புக்கும் மக்கள் கூடுவதும் அங்கேதான். தனியார் வளாகத்தில் உரிமையாளர் விரும்பாதவரை வெளியே அனுப்பலாம். பொதுத்தெருவில் யாரும் யாரையும் அப்படி அனுப்ப முடியாது. இந்த உரிமையின் மதிப்பை எந்த வரிக் கணக்கும் காட்டாது. எனக்கு இதுதான் முதல் காரணம்.

அப்படியொரு மையத்தைப் புதிதாகக் கட்டிவிட முடியாதா? முழுக்க மூடிய, குளிரூட்டிய முதல் வணிக வளாகம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஈடைனா என்ற ஊரில் 1956இல் திறந்த சவுத்டேல். அதை வடிவமைத்தவர் வியன்னாவிலிருந்து போன விக்டர் க்ரூன். வீடு, பள்ளி, மருத்துவ வசதி, பூங்கா எல்லாம் சூழ்ந்த ஒரு புதிய ஊர் மையத்தைத்தான் அவர் வரைந்திருந்தார். கட்டப்பட்டது வளாகமும், அதைச் சுற்றி வண்டி நிறுத்தும் பரப்பும் மட்டும். தன் பெயரில் பரவிய இந்த வளாகங்களைப் பிற்காலத்தில் அவரே கைகழுவினார். கூரையையும் குளிரையும் எங்கே வேண்டுமானாலும் கட்டிவிடலாம். பலவகை வேலைகள் ஒரே இடத்தில் பின்னிக்கிடப்பதை அவ்வளவு சுலபமாகக் கட்ட முடியாது. ஏற்கெனவே பின்னிக்கிடக்கும் இடத்தைக் காப்பதுதான் மலிவு.

சரி, எப்படிக் காப்பது? பெரும்பாலான ஊர்கள் முதலில் தொடுவது தரைக்கல். தெருவைத் தோண்டி, கிரானைட் பதித்து, அலங்கார விளக்கு வைத்து, பூந்தொட்டி அடுக்குவார்கள். வேலை முடிய ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஆகும். ஏற்கெனவே தள்ளாடிய கடைகள் அந்தப் பள்ளத்தைத் தாண்டி வாடிக்கையாளர் வராததால் மூடிவிடும். தெரு பளபளக்கும்போது பாதி ஷட்டர் இறங்கியிருக்கும். தோண்டத்தான் வேண்டும் என்றால் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் மட்டும், 50 முதல் 80 மீட்டர் வரையான துண்டுகளாகத் தோண்ட வேண்டும். மழைநீர் வடிகால், குடிநீர், கேபிள் எல்லாவற்றையும் அந்த ஒரே தோண்டலில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு கடை வாசலுக்கும் குறைந்தது 1.5 மீட்டர் அகலத்தில் உறுதியான பலகைப் பாதை எப்போதும் இருக்க வேண்டும். வியாபாரம் சூடுபிடிக்கும் மாதங்களில் மண்வெட்டியே எடுக்கக்கூடாது.

இரண்டாவது தவறு, வண்டியைத் தடை செய்துவிட்டால் கூட்டம் தானாக வரும் என்ற நம்பிக்கை. 1959இல் அமெரிக்காவின் கலாமசூ நகரம் தன் கடைவீதியில் வண்டிகளைத் தடை செய்து நடைத்தெருவாக்கியது. அந்நாட்டில் அதுதான் முதல் முயற்சி. பல ஊர்கள் அதைப் பார்த்துச் செய்தன. பெரும்பாலானவை பின்னர் வண்டிகளைத் திரும்ப அனுமதித்தன. கலாமசூவே 1998இல் தெருவின் ஒரு பகுதியைத் திறந்துவிட்டது. 1962இல் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன் தன் ஸ்ட்ரோயட் தெருவில் அதையே செய்தது. அது இன்றும் நடைத்தெருவாக நன்றாக ஓடுகிறது. வேறுபாடு தெருவில் இல்லை, சுற்றுப்புறத்தில் இருக்கிறது. கோபன்ஹேகனில் நடந்தும் சைக்கிளிலும் எட்டும் தூரத்தில் மக்கள் குடியிருந்தார்கள், ரயிலும் பஸ்ஸும் பக்கத்தில் வந்து நின்றன. நடைத்தெருப் பரப்பையும் ஒரேயடியாக விரிக்காமல் பல ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார்கள். சுற்றிலும் வாகன நிறுத்தமும் காலி அலுவலகமுமாக இருக்கும் ஊரில் வண்டியைத் தடை செய்தால், மாலை ஆறு மணிக்கு மேல் தெரு வெறிச்சோடும். முதலில் வாரத்தில் ஒரு நாள், சில மணி நேரம் மட்டும் மூடி, ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டு நீட்டுவதே நல்லது. பொருள் இறக்கும் வண்டிகளுக்குக் காலையில் நேரம் ஒதுக்குவதை மறந்தால் கடைக்காரர்கள் அனைவரும் எதிரணிக்குப் போய்விடுவார்கள். அதில் நியாயமும் இருக்கும்.

வண்டி நிறுத்தம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எந்தக் கூட்டத்திலும் முதலில் எழும் புகார் இதுதான், பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். ‘இடம் போதவில்லை’ என்பார்கள். ஒரு நாள் முழுக்க, ஒரு மணிக்கொரு முறை தெருவில் நடந்து ஒவ்வோர் இடத்திலும் நிற்கும் வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைக் குறித்துப் பாருங்கள். கடை வாசலில் காலை ஒன்பது முதல் மாலை ஏழு வரை நகராமல் நிற்கும் வண்டிகள் எத்தனை என்று தெரிந்துவிடும். அவற்றில் பெரும்பகுதி கடைக்காரர்களுடையதாகவும் ஊழியர்களுடையதாகவும் இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஓர் இடத்தில் பத்து மணி நேரமும் ஊழியர் வண்டி நின்றால் அந்த இடம் ஒருவருக்குத்தான் பயன்பட்டது. முக்கால் மணி நேரத்துக்கு ஒருவர் மாறினால் அதே இடம் பன்னிரண்டு, பதின்மூன்று வாடிக்கையாளர்களைக் கொண்டுவரும். புது நிறுத்துமிடம் கட்ட, வண்டி திரும்பும் பாதையையும் சேர்த்து ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் வேண்டும். இரண்டு கார் நிற்கும் இடத்தில் ஒரு கடையே போட்டுவிடலாம். நிறுத்துமிடத்துக்காக நகர மையத்தின் கட்டடங்களை இடித்த ஊர்களில், வண்டி நிறுத்த இடம் கிடைத்தது, நிறுத்திவிட்டுப் போவதற்கு இடம் இல்லாமல் போனது.

கலிஃபோர்னியாப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் சொன்ன வழி எளிமையானது. தெருவோர இடங்களில் 85 விழுக்காடு நிறைந்திருக்கும்படி கட்டணத்தை வைக்க வேண்டும். அதாவது எட்டு இடம் உள்ள ஒரு துண்டில் எப்போதும் ஒன்றாவது காலியாக இருக்க வேண்டும். நிறையாத தெருவில் கட்டணமே வேண்டாம். கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில் ‘பழைய பாசடீனா’ என்ற கடைவீதிப் பகுதியில் 1993இல் நிறுத்தக் கட்டண மீட்டர் வைக்கப் போனபோது வணிகர்கள் எதிர்த்தார்கள். வசூலாகும் பணம் முழுக்க அதே தெருக்களின் நடைபாதைக்கும் விளக்குக்கும் துப்புரவுக்கும் செலவாகும் என்று நகராட்சி ஒப்புக்கொண்டதும் எதிர்ப்பு அடங்கியது. சொன்னபடியே செய்தார்கள். சிதிலமாகிக் கிடந்த அந்தப் பகுதி எழுந்து நின்றது. கட்டணத்தைப் பொதுக் கருவூலத்தில் கரைத்துவிட்டால் இந்த ஒப்பந்தம் எங்கும் நடக்காது.

இனி காலிக் கடை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது புதிர். ஆறு ஆண்டாகப் பூட்டிக் கிடக்கிறது, ஆனால் வாடகையைக் குறைக்க உரிமையாளர் மறுக்கிறார். பேராசை என்று சொல்லிவிடுவது சுலபம். ஒரு காரணம் கணக்கில் இருக்கிறது. வணிகக் கட்டடத்தின் மதிப்பை வாடகையை வைத்துத்தான் போடுகிறார்கள். 100 வாங்கிய இடத்தை 60க்கு விட்டால், ஏட்டில் கட்டடத்தின் மதிப்பு 40 விழுக்காடு இறங்கும். அதை அடமானம் வைத்திருந்தால் வங்கி கூடுதல் ஈடு கேட்கலாம். பூட்டி வைத்து ‘வாடகை 100’ என்று பலகை மாட்டினால் ஏட்டு மதிப்பு அப்படியே இருக்கும். இப்படிப்பட்டவரிடம் வாடகையைக் குறைக்கச் சொல்லிப் பயனில்லை. குத்தகையில் 100 என்றே எழுதி, முதல் ஆறு மாதம் வாடகை இல்லை என்றோ, விற்றுமுதலில் ஒரு பங்கு என்றோ பேசினால் இறங்கி வருவார்.

இரண்டாவது வகை, வாரிசுகள் நான்கு பேர் ஒத்துப்போகாத சொத்து. இதற்கு வேண்டியது ஒரு சமரசப் பேச்சாளரும், குறுகிய கால உரிமமும்தான். மூன்று மாதம், ஆறு மாதம் என்று தற்காலிகமாக விட்டால் யார் உரிமையும் பாதிக்கப்படாது என்று எழுத்தில் கொடுத்தால் சம்மதிப்பார்கள். மூன்றாவது, பக்கத்துக் கடைக்காரர் சரக்கு அடைத்து வைத்திருக்கும் இடம். அவருக்குப் பின்தெருவில் மலிவான கிடங்கு பார்த்துக் கொடுக்க வேண்டும். நான்காவது, கழிப்பறை இல்லாத, பழைய வயரிங் உள்ள, அல்லது யாருக்கும் தேவைப்படாத அளவு பெரிய கடை. இதை மூன்றாகப் பிரிக்கச் சிறு மானியம் போதும். இவை எதிலும் சேராமல் வெறுமனே விலை ஏறட்டும் என்று காத்திருப்பவருக்கு வரிதான் மருந்து. பிரான்ஸில் இரண்டு ஆண்டுக்கு மேல் காலியாக இருக்கும் வணிக இடத்துக்கு, உள்ளாட்சி விரும்பினால், அதன் சொத்து வரிக்கு அடிப்படையான மதிப்பில் முதலாண்டு 10, இரண்டாமாண்டு 15, அதன்பின் 20 விழுக்காடு வரி போடலாம். உரிமையாளரின் கையை மீறிய காரணத்தால் காலியாக இருந்தால் விலக்கு உண்டு. ஒவ்வொரு காலிக் கடைக்கும் இந்த ஐந்தில் எது காரணம் என்று தெரியாமல் எல்லோருக்கும் ஒரே திட்டம் போடுவதால்தான் திட்டங்கள் தோற்கின்றன.

காலிக் கடையைவிட மோசமாகக் கவனிக்கப்படாதது காலி மாடி. பல பழைய கடைவீதிகளில் தரைத்தளம் நிறைந்திருக்கும், மேலே இரண்டு தளம் தூசி படிந்து கிடக்கும். படி இல்லாததுதான் காரணம். கடையின் முகப்பை அகலப்படுத்துவதற்காகத் தெருவிலிருந்து மேலே போகும் படியை யாரோ எப்போதோ இடித்துவிட்டார்கள். இப்போது கடைக்குள் நுழையாமல் மாடிக்குப் போக முடியாது. ஆகவே வீடாக விட முடியாது. திரும்ப வழி விட, கடை முகப்பில் ஒரு மீட்டர் அகலமாவது போகும். கடைக்காரர் அதற்குச் சம்மதிக்கமாட்டார். அடுத்தடுத்த மூன்று, நான்கு கட்டடங்களைச் சேர்த்து ஒரே பொதுப்படி வைத்து, ஒவ்வொரு தளத்திலும் இடைச்சுவரில் கதவு திறந்தால் ஒரே ஒரு முகப்புதான் குறுகும். அந்த உரிமையாளருக்கு மற்றவர்கள் ஈடு கொடுக்கலாம். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே தீ தாங்கும் தளம், புகை எச்சரிக்கைக் கருவி, வெளியேற இரண்டாவது வழி, தனித்தனி மின் மீட்டரும் தண்ணீர் மீட்டரும் இருந்தாக வேண்டும். இதில் தீயணைப்புத் துறையை வரைபடம் போடும்போதே உட்கார வைக்க வேண்டும். முடிந்தபின் கூப்பிட்டால் சுவரை மறுபடி உடைக்க நேரும். மேலே குடியிருப்பவர்கள் வந்துவிட்டால் இரவு எட்டு மணிக்கு மேலும் தெருவில் விளக்கெரியும் ஜன்னல்கள் இருக்கும். தெரு பாதுகாப்பாகத் தோன்ற அதற்கு ஈடான காவல் ஏற்பாடு கிடையாது.

நடப்பவரின் கண்ணும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் 100 மீட்டரை 72 நொடியில் கடக்கிறார். டென்மார்க்கின் கட்டடக் கலைஞர் யான் கெல் நல்ல தெருவுக்கு 100 மீட்டரில் 15 முதல் 20 வாசல் என்கிறார். அப்படியென்றால் நாலைந்து நொடிக்கு ஒருமுறை புதிதாக ஏதோ ஒன்று கண்ணில் படும். நடுவில் 30 மீட்டருக்கு ஒரு வங்கியின் கறுப்புக் கண்ணாடியோ மதில் சுவரோ வந்தால் இருபது நொடிக்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை. பலர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். அதற்கு அப்பால் இருக்கும் கடைகள் எவ்வளவு நன்றாக நடத்தினாலும் தேறாது. வங்கி, அலுவலகம் போன்றவற்றுக்குத் தெருவில் குறுகிய வாசல் மட்டும், பரப்பெல்லாம் பின்னாலோ மேலேயோ என்று விதி வைத்தால் இது சரியாகும். இரவில் முழு இரும்பு ஷட்டருக்குப் பதில் உள்ளே தெரியும் கம்பிக்கதவு போடுவது சிறிய செலவு. ஆனால் தெருவின் முகமே மாறிவிடும்.

உட்கார இடம் வேண்டும். இது அற்பமாகத் தோன்றும், அற்பம் அல்ல. நியூயார்க்கில் பொதுச் சதுக்கங்களை 1970களில் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட் கண்டது, மக்கள் உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் உட்காருகிறார்கள் என்பதே. அதே ஊரின் பிரையன்ட் பார்க் வேலிச் செடியும் சுவருமாக மறைந்து, போதைப் பொருள் விற்பவர்களின் இடமாகியிருந்தது. மறைப்புகளை நீக்கி, வாசல்களை அகலமாக்கி, நகர்த்தக்கூடிய நாற்காலிகள் போட்டு 1992இல் திரும்பத் திறந்தார்கள். பிறகு நாள் முழுக்கக் கூட்டம். நாற்காலி திருட்டுப் போகும் என்று பயந்து எல்லாவற்றையும் தரையில் பூட்டி வைக்காதீர்கள். சில போகும், அதைச் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். கடைகள் மூடும்வரை திறந்திருக்கும் ஒரு சுத்தமான கழிப்பறையும் கட்டாயம். அது இல்லாத கடைவீதிக்கு முதியவர்களும் குழந்தைகளோடு வரும் பெண்களும் அவசர வேலைக்கு மட்டுமே வருவார்கள், முடிந்ததும் போய்விடுவார்கள்.

முதியவர்களை மையத்துக்கு வரவைப்பதில் ஜப்பானின் தொயாமா நகரம் செய்தது பின்பற்றத் தக்கது. 65 வயதுக்கு மேற்பட்டவர் சிறப்பு அட்டை எடுத்துக்கொண்டால், பகல் நேரத்தில் ஊரின் எந்த மூலையிலிருந்தும் நகர மையத்துக்கு ஒரு பயணத்துக்கு 100 யென் கொடுத்து வந்து போகும்படி செய்தார்கள். கூடவே மையத்திலும் ரயில் பாதையோரத்திலும் வீடு கட்ட மானியம் கொடுத்தார்கள், 2006இல் பழைய ரயில் தடத்தை நவீன டிராம் ஆக்கினார்கள். அதே நாட்டில் தகமத்சு நகரின் மருகமெமாச்சி கடைவீதியில் வணிகர்களே ஒரு நிறுவனம் அமைத்தார்கள். நிலம் அவரவர் பெயரிலேயே இருக்க, நிறுவனம் அதை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்துக் கட்டடம் எழுப்பி, எந்தக் கடை எங்கே வரவேண்டும் என்பதையும் முடிவு செய்கிறது. கடைகளோடு வீடுகளையும் மருத்துவ வசதியையும் சேர்த்தார்கள். தனித்தனி உரிமையாளர்கள் தனித்தனியாக முடிவெடுக்கும் தெருவால் ஒரு வளாகத்தோடு போட்டி போட முடியாது என்ற பழைய பலவீனத்துக்கு இது நேரான விடை.

இவ்வளவையும் யார் செய்வது? கனடாவின் டொரண்டோ நகரில் உள்ள புளூர் வெஸ்ட் வில்லேஜ் கடைவீதி 1970இல் ஒரு வழி காட்டியது. சுரங்க ரயில் வந்ததும் தெருவில் நடந்தவர்கள் தரைக்கடியில் போய்விட்டார்கள். வணிக வளாகங்களும் இழுத்தன. கொடுப்பவர் சிலர், சும்மா பலன் அனுபவிப்பவர் பலர் என்று வணிகர்களின் நன்கொடைச் சங்கம் தள்ளாடியது. ஆகவே அந்த எல்லைக்குள் இருக்கும் எல்லோரிடமும் நகராட்சியே சிறு கூடுதல் வரி வசூலித்து, அதை முழுக்க வணிகர் வாரியத்திடம் கொடுக்கும்படி சட்ட ஏற்பாடு செய்தார்கள். இன்று உலகம் முழுக்க இந்த மாதிரி பரவியிருக்கிறது. பழைய கடைவீதிகளுக்கு உயிரூட்டும் அமெரிக்காவின் மெயின் ஸ்ட்ரீட் திட்டம் 1977இல் மூன்று சிறிய ஊர்களில் சோதனையாகத் தொடங்கியது. அதிலிருந்து கற்க வேண்டியது, சம்பளத்துக்கு ஒரு முழுநேர மேலாளர் வேண்டும் என்பது. மாலையில் கடையடைத்த பிறகு கூடும் குழுவால் காலி மாடியின் நான்கு வாரிசுகளைத் தேடிப் போக முடியாது.

அந்த மேலாளரின் முதல் மூன்று மாத வேலை எண்ணுவது. நான்கைந்து இடங்களில் நின்று, காலை எட்டு முதல் இரவு ஒன்பது வரை ஒவ்வொரு மணியிலும் பத்து நிமிடம் மட்டும் நடப்பவர்களை எண்ணி ஆறால் பெருக்க வேண்டும். ஒரு வேலை நாள், ஒரு விடுமுறை நாள் போதும். ஆண், பெண், முதியவர், குழந்தை என்று பிரித்துக் குறிக்க வேண்டும். இரவில் பெண்களின் எண்ணிக்கை சட்டென்று இறங்கும் இடத்தில் விளக்கோ, மூடிய சுவரோ, ஏதோ ஒரு குறை இருக்கிறது. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு வரி: தளம், பயன்பாடு, திறக்கும் நேரம், உரிமையாளர், காலியென்றால் எத்தனை மாதம். நடப்பவர்களில் 200 பேரிடம் இரண்டே கேள்வி: இன்று எதற்கு வந்தீர்கள், வேறு எங்கெல்லாம் போனீர்கள்? அடுத்த ஆண்டு அதே வாரம், அதே இடம், அதே முறை. இந்தக் கணக்கு கையில் இருந்தால்தான், அடுத்த அலுவலகம் வெளியே போகக் கிளம்பும்போது எத்தனை வாடிக்கையாளர்கள் போகிறார்கள் என்று நகராட்சியிடம் எண்ணோடு பேச முடியும். பிரிட்டன் 1996இல் கொண்டுவந்த திட்ட விதிபோல, புதிதாக வரும் பெரிய கடை முதலில் மையத்தில் இடம் தேட வேண்டும், இல்லையென்றால் மையத்தின் விளிம்பில், அதுவும் இல்லையென்றால்தான் வெளியே என்ற வரிசையைக் கேட்கவும் இதே எண்கள் உதவும்.

எல்லாம் நன்றாக நடந்தால் வரும் ஆபத்தையும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும். தெரு செழித்தால் வாடகை ஏறும். அந்தத் தெருவை உயிரோடு வைத்திருந்த பழுது பார்ப்பவரும், நடைபாதை வியாபாரியும், பழைய புத்தகக் கடைக்காரரும்தான் முதலில் வெளியேறுவார்கள். அவர்கள் இடத்தில் ஒரே மாதிரியான பத்துக் கடைகள் வந்து உட்காரும். பகலெல்லாம் மூடியிருந்து இரவில் மட்டும் திறக்கும் கடைகள் அளவு மீறினாலும் இதே கதிதான். நகராட்சிக்குச் சொந்தமான சில சிறிய கடைகளை விற்காமல் கையில் வைத்திருப்பது, நடைபாதை வியாபாரிகளுக்கு அளந்து கோடு போட்டு உரிமம் கொடுப்பது, இடித்துக் கட்டினால் பழைய அளவில் சில அறைகளாவது இருக்க வேண்டும் என்பது ஆகியவை உதவும். அரசு மானியம் வாங்கும் உரிமையாளரிடம் குறைந்தது ஐந்தாண்டுக் குத்தகையும், ஆண்டு வாடகை உயர்வுக்கு உச்சவரம்பும் எழுதி வாங்க வேண்டும். இதைத் தெருவில் முதல் கல் பதிப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். தெரு அழகான பிறகு அந்தத் தாளில் கையெழுத்துப் போட எந்த உரிமையாளரும் வரமாட்டார்.